சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

தூரம் மட்டும் போதுமென்றால் சுமார் 340 கிலோமீட்டர். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரமும் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், மேலும் கீழுமாக இருக்கின்றன. இடையில் அட்சரேகை மூன்று பாகைக்குக் கொஞ்சம் கூடுதல். பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கிப் பாருங்கள், வந்துவிடும்.

நேரத்தில்தான் வில்லங்கம். தூரம் கணக்குப் போடும் தளங்கள் பெரும்பாலும் ஜெட் வேகத்தில் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்து, ஒரு மணிக்குள் போய்விடலாம் என்கின்றன. சேலம் ஓடுபாதை 1,800 மீட்டர் சொச்சம்தான். அங்கே வந்துபோவது ஏடிஆர் 72, முன்னால் விசிறி சுற்றுமே அது. மணிக்கு 500 கி.மீ. பக்கம் போகும். அந்த வேகத்தில் வகுத்து, அதே அரை மணியைச் சேர்த்தால் ஒரு மணி ஐந்து, பத்து நிமிடம் ஆகும்.

ஆகும், விமானம் விட்டால். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நேரடி விமானம் கிடையாது.

சென்னை சுற்றிப் போனால் 265-ம் 525-ம் சேர்ந்து ஏறக்குறைய 790 கி.மீ. பறக்க வேண்டும். பெங்களூர் வழி சுமார் 655. அதில் ஒரு வேடிக்கை: வடக்கே பெங்களூர் போய் இறங்கி, மறுபடி ஏறித் தெற்கே வரும்போது, நேர்க்கோட்டில் வந்தால் சேலத்துக்கு முப்பது கிலோமீட்டர் பக்கத்தில் கடந்து போவீர்கள்.

நான் ஓமலூர்க்காரன், பெண் எடுத்தது தூத்துக்குடியில். மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு ஒருமுறை சென்னை வழியாகப் பறந்தேன். பறந்தது மொத்தம் இரண்டரை மணி. சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தது நாலரை மணி. முன்கூட்டியே போய் உட்கார்ந்தது, வாகைக்குளத்திலிருந்து ஊருக்குள் வர டாக்சி பிடித்தது எல்லாம் தனி. அதே நேரத்துக்கு வீட்டிலிருந்து காரில் கிளம்பிய என் அண்ணன் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, "ஃபிளைட்ல வந்தியாமே?" என்று கேட்டார்.

சாலையில் நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகச் சுமார் 380 கி.மீ. மதுரை வரை 44-ஆம் எண் நெடுஞ்சாலை, பிறகு தூத்துக்குடி ரோடு. நிறுத்திச் சாப்பிட்டுப் போனாலும் ஆறரை, ஏழு மணி நேரம்.

தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டராகிவிட்டது. இனி பெரிய விமானமும் இறங்கலாம். சேலத்துக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. அங்கே 2021-இல் நின்ற சேவை 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. அதனால் அட்டவணையைப் பார்க்காமல் எதையும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

படிவத்தில் எழுதக் கேட்டீர்கள் என்றால் 340 என்று எழுதுங்கள். போய்வரக் கேட்டீர்கள் என்றால் மைசூர் – தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் படுக்கை போடுங்கள். சேலத்துக்கு நடுராத்திரி தாண்டி வரும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.