தோட்டா உள்ளே போகிறது, போல்ட்டும் மூடுகிறது, அது போதாதா?

வாசகர் கேள்வி: என் .308 வின்செஸ்டர் ரைபிளுக்கு வேறொரு ரைபிளிலிருந்து எடுத்த போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் மூடிப் பூட்டும் உலோகத் தண்டு) பொருத்தினேன். தோட்டாவைப் போட்டால் சிக்கலில்லாமல் மூடுகிறது. இனி சுடலாமா?

சுடாதீர்கள். தோட்டாவை வைத்து இதைச் சோதிப்பதையும் விட்டுவிடுங்கள். மேசைமேல் உயிர்த்தோட்டா இருப்பதே ஆபத்து. அதோடு, தோட்டாக்களின் அளவு கூடக்குறைய இருக்கும். சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) தேவைக்கு மேல் நீண்டிருந்தாலும் குட்டையான தோட்டா சுகமாக உள்ளே போய்விடும். அது மூடிக்கொண்டதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மூடிய போல்ட்டின் முகப்புக்கும், தோட்டாவை மேற்கொண்டு முன்னே போகவிடாமல் நிறுத்தும் சேம்பர் தோள்பகுதிக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். (.303 பிரிட்டிஷ் போன்ற விளிம்புள்ள தோட்டாக்களில் நிறுத்துவது விளிம்பு.) இந்தத் தூரம் கூடினால் என்ன ஆகும்? ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியில் மோதும் ஊசி) அடித்ததும் தோட்டா முன்னே தள்ளப்படும். வெடிப்பின் அழுத்தத்தில் பித்தளை உறையின் மெல்லிய முன்பகுதி உப்பி சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்ள, தடித்த அடிப்பகுதி மட்டும் போல்ட்டை நோக்கிப் பின்னால் நகரும். இடைப்பட்ட பித்தளை இழுபட்டு மெலியும். அது அறுந்தால் சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கி வரும்.

சோதிக்க கேஜ்கள் இருக்கின்றன; தோட்டாவுக்குப் பதிலாகச் சேம்பரில் வைத்துப் பார்க்கும், துல்லியமாகக் கடைந்த எஃகு அளவுக்கட்டைகள் இவை. .308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634, ஃபீல்ட் 1.638. கோவுக்கும் நோ-கோவுக்கும் நடுவே ஒரு தாளின் கனம்தான். இதே போன்ற ராணுவத் தோட்டாவான 7.62×51 நேட்டோவுக்குரிய கேஜ்களின் அளவு வேறு, கலந்துவிடாதீர்கள்.

ரைபிள் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர் (உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி), எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் பாகம்) மூன்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்பிரிங் தள்ளினால் கை ஏமாந்துபோகும். சேம்பரையும் போல்ட் முகப்பையும் நன்றாகத் துடையுங்கள். பிறகு கேஜை வைத்து, போல்ட் கைப்பிடியை விரல் நுனியால் மட்டும் இறக்குங்கள். அழுத்தினால் கேஜும் சேம்பரும் கெடும்.

கோ கேஜில் முழுதாக மூட வேண்டும். மூடாவிட்டால் சேம்பர் குட்டை, அல்லது உள்ளே அழுக்கு. நோ-கோவில் மூடக் கூடாது. நோ-கோவில் மூடி ஃபீல்டில் மூடாத பழைய ரைபிளைச் சில கைதேர்ந்த மெக்கானிக்குகள் ஓடவிடுவார்கள். புதிதாகச் சேர்த்துப் பொருத்திய உங்கள் ரைபிளுக்கு அந்தச் சலுகையை நான் தரமாட்டேன். ஃபீல்டிலும் மூடினால் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

கேஜ் சொல்லாத விஷயமும் ஒன்று உண்டு. போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் புடைப்புகளான பூட்டுக்காதுகள் இரண்டும் சமமாக உட்காருகின்றனவா என்பது அதில் தெரியாது. மாற்றுப் போல்ட்டில் இது அடிக்கடி பிசகும் இடம். அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக் மையைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இந்தப் போல்ட்டோடு ஏற்கெனவே சுட்டிருந்தால் அந்த உறைகளை எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தால், நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அந்த இடத்தில் வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் பித்தளை அறுபடத் தொடங்கிவிட்டது.