கறுப்பு உடுத்தும் பிள்ளைகள்: கோத் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

கோத் என்பது இருண்ட இசையையும் கறுப்பு உடையையும் விரும்புகிறவர்களின் கூட்டம். இளம் வயதிலிருந்து கோத் இசையைக் கேட்டும் அந்த உடையை உடுத்தியும் வருகிறேன். காரைக்குடி வட்டாரத்து உறவினரும் நண்பர்களும் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து என் மகள் கறுப்பைத் தவிர எதையும் உடுத்துவதில்லை. கண்ணைச் சுற்றி மை, உதட்டிலும் கறுப்புச் சாயம். கேட்டால் ‘நான் கோத்’ என்கிறாள். இது பேய் வழிபாடா ஆச்சி? (பள்ளத்தூர்)

பேய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை ஆத்தா. கோத் ஒரு மதம் அல்ல. கோயிலுக்குப் போகிற கோத்தும் உண்டு, போகாதவரும் உண்டு. இது இசையில் பிறந்தது. 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலை ஓயத் தொடங்கியபோது, சிலர் இருண்ட, நிதானமான ஓர் இசைக்குத் திரும்பினார்கள். நார்த்தாம்ப்டன் ஊரின் பௌஹவுஸ் குழு 1979இல் வெளியிட்ட ‘பெலா லுகோசிஸ் டெட்’ (பெலா லுகோசி இறந்துவிட்டார்) பாடலைத்தான் பலரும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். லுகோசி 1931இல் திரையில் டிராகுலாவாக நடித்தவர். பாட்டு ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும். டிரம் விளிம்பில் குச்சி தட்டும் சத்தம், அதன் எதிரொலி, பிறகு படிப்படியாக இறங்கி வரும் பேஸ் கிதார். பாடகர் வாய் திறப்பதற்குள் நிமிடங்கள் கழிந்துவிடும். சூசி அண்ட் தி பேன்ஷீஸ், தி க்யூர், லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி என்று குழுக்களின் வரிசை நீண்டது. 1982இல் லண்டனின் சோஹோ பகுதியில் பேட்கேவ் என்ற இரவு விடுதி தொடங்கியது. இசையும் உடையும் ஒப்பனையும் ஒரே கூட்டத்தின் அடையாளமானது அங்கேதான்.

ஒரு நாள் மாலை மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்கும் பாட்டை நீங்களும் கேளுங்கள். மற்றதை அவளே சொல்வாள்.

சாவு, இருட்டு, சோகம் என்றே இருந்தால் மனநோயில் கொண்டுபோய் விடாதா? (கல்லலிலிருந்து ஓர் அப்பச்சி)

சாவைப் பாடுவதே நோய் என்றால், உடம்பின் நிலையாமையைப் பாடிய பட்டினத்தாரை நம்மவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது எப்படி? சோகத்தை மூடி மறைக்காமல் அதற்கும் ஓர் அழகு கொடுப்பதுதான் கோத் மனம். நான் பழகிய கோத்கள் பலர் வாய்விட்டுச் சிரிக்கிறவர்கள்.

ஆனாலும் உங்கள் கவலையைத் தள்ளிவிட மாட்டேன். பிரிஸ்டல் வட்டாரப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. 15 வயதில் தம்மை கோத் என்று உறுதியாகச் சொன்னவர்களிடம் 18 வயதில் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. கோத்தாக இருப்பதே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட, வருந்துகிற பிள்ளைகள் தம்மை ஏற்கும் கூட்டத்தைத் தேடி வந்திருக்கலாம் என்றார்கள். ஆகவே உடையின் நிறத்தை விடுங்கள். தூக்கம், சாப்பாடு, நண்பர்களோடு பேச்சு இவை குறைகின்றனவா என்று பாருங்கள். குறைந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மஞ்சள் சட்டை போடுகிற பிள்ளைக்கும் இதையேதான் சொல்வேன்.

ஹெவி மெட்டல் இசையும் இதுவும் ஒன்றுதானே அக்கா? (தேவகோட்டை மாணவர்)

கறுப்புச் சட்டை மட்டும்தான் பொது, தம்பி. மெட்டல் ஹார்ட் ராக் வழி வந்தது, கோத் பங்க் வழி வந்தது. இரண்டையும் கேட்பவர்கள் நிறைய உண்டு.

பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் கேலி செய்கிறார்கள். வீட்டில், ‘நீ ஏன் அப்படிப் போகிறாய்’ என்று என்னையே திட்டுகிறார்கள். (காரைக்குடி)

2007 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பேக்கப் என்ற சிற்றூரில், ஒரு பூங்காவில் நடந்ததைச் சொல்கிறேன். சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணின் காதலனை ஒரு கும்பல் அடித்து வீழ்த்தியது. இருவரும் கோத் உடையில் இருந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். அவன் தலையை மடியில் ஏந்திக் காக்கப் பார்த்தாள் சோஃபி. அவளையும் மிதித்தார்கள். அவன் பிழைத்தான், அவள் பிழைக்கவில்லை. அவளுடைய தாய் அவள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கிப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. கேலியில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? உங்கள் வீட்டாருக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். தனியாகப் போகாமல் தோழிகளோடு போங்கள். பின்தொடர்ந்தாலோ கை வைத்தாலோ தயங்காமல் புகார் கொடுங்கள்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் கோத் உடையில் படம் எடுக்க ஆசை. (கானாடுகாத்தான்)

ஆசை எனக்குப் புரிகிறது. பழைய கட்டடம் என்றால் கோத் மனம் சொக்கிப்போகும். உச்சி வெயில் வளவின், அதாவது உள்வீட்டின், நடுமுற்றத்தில் மட்டும் விழ, சுற்றிலும் தூண்கள் பாதி இருட்டில் நிற்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் அந்த இருட்டிலும் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் ‘பேய் வீடு’ என்று பெயர் வைத்துப் படம் போடுவதை நான் ஏற்க மாட்டேன். அந்த வீட்டுக்குப் பங்காளிகள் இருக்கிறார்கள். கூடி வந்து, சேலையும் வேட்டியும் வைத்து முன்னோருக்குப் படைப்பு நடத்துகிறவர்கள் அவர்கள். இறந்தவர்களை அவ்வளவு மரியாதையோடு நினைக்கும் இடத்தில் ரத்தச் சாயம் பூசிக்கொண்டு நிற்பது கோத்துக்கே அழகல்ல. முறையாக அனுமதி கேளுங்கள், செருப்பை முகப்பிலேயே கழற்றிவிடுங்கள், பூட்டிய அறைகளைத் தொடாதீர்கள்.

சித்திரை வெயிலில் கறுப்பா? கல்யாண வீட்டுக்கு எப்படிப் போவது? (குன்றக்குடி)

தோல் உடையும் பாலியெஸ்டரும் இங்கிலாந்துக் குளிருக்குச் சரி, இங்கே வேண்டாம். கறுப்பில் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை கட்டிப் பாருங்கள். பருத்தி என்பதால் வேர்வையைத் தாங்கும். பாட்டி வைத்திருக்கும் பழைய வெள்ளி நகை இருந்தால் மெருகு போடாமல் அணியுங்கள்.

திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் கறுப்பைப் பார்த்தால் பெரிய ஆச்சிமார் மனம் நோகும். அதற்குக் கத்தரிப்பூ நிறப் பட்டு கட்டலாம், கோத்களுக்கு அதுவும் பிடித்த நிறம்தான். கண் மையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாலை வரவேற்புக்குக் கறுப்பிலேயே போங்கள், நான் அப்படித்தான் போகிறேன்.