நியூட்ரலுக்கு 230, எர்த்துக்கு 297: மீட்டர் பொய் சொல்கிறதா?

கேள்வி: பட்டறையில் புதிதாக ஒரு டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்பார்மர் போட்டிருக்கிறோம். ஸ்டார் பக்கத்தில் பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 400 வோல்ட், நியூட்ரலுக்கு 230 வோல்ட் சரியாக வருகிறது. எர்த்துக்கு அளந்தால் மட்டும் 175, 297, 237 என்று ஏதேதோ காட்டுகிறது. மறுபடி அளந்தால் அதுவும் மாறுகிறது. பாடிக்கு எர்த் கொடுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு எர்த் ராடு அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். அடிக்கலாமா?

பதில்: ராடு இருக்கட்டும். முதலில் சப்ளையை நிறுத்தி, பூட்டுப் போட்டு, டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். நியூட்ரல் போல்ட்டிலிருந்து எர்த் பட்டைக்கு ஓர் இணைப்பு போகிறதா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்டாரில் மூன்று வைண்டிங்குகளின் ஒரு முனை ஒன்றாகச் சேர்கிறது. அந்த முடிச்சுதான் ஸ்டார் பாயின்ட். நியூட்ரல் அங்கிருந்து வருகிறது. ஒவ்வொரு வைண்டிங்கிலும் 230 வோல்ட், அதை 1.732-ஆல் பெருக்கினால் 398. இந்த இரண்டு அளவுகளும் வைண்டிங்கே தருபவை, மண்ணுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. முடிச்சை எர்த்தோடு கட்டினால்தான் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 என்று ஒன்று நிலைக்கும். ‘மெயின் சப்ளையில்தான் நியூட்ரல் எர்த் ஆகியிருக்கிறதே’ என்று கேட்கலாம். அது பிரைமரியோடு (மெயின் சப்ளை வந்து சேரும் வைண்டிங்) சரி. இரண்டு வைண்டிங்குகளுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. செகண்டரி, அதாவது உங்கள் ஸ்டார் பக்கம், தனிக் குடித்தனம்.

கட்டாத செகண்டரி மிதக்கும். கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவே உள்ள இன்சுலேஷன் சின்னக் கெப்பாசிட்டர் மாதிரி வேலை செய்கிறது. மூன்று பேஸிலும் அது சமமாக இருப்பதில்லை, அதனால்தான் அந்த விநோத எண்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் தடை சுமார் 10 மெகாஓம். அந்தக் கொஞ்சூண்டு கசிவுகூட மிதக்கிற வோல்டேஜை இழுத்துவிடும். மீட்டர் பொய் சொல்லவில்லை, அளக்கப்போய் அளவை மாற்றிவிடுகிறது.

இது வெறும் மீட்டர் விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பேஸ் மோட்டார் பாடியில் பட்டால், கரண்ட் திரும்பிப் போக வழியில்லாததால் எதுவும் ட்ரிப் ஆகாது. மோட்டார் பாட்டுக்கு ஓடும். ஆனால் அந்த நொடியிலிருந்து மற்ற இரண்டு பேஸும் எர்த்துக்கு 400 வோல்ட்டில் நிற்கும். எர்த்துக்கு 230 என்று கணக்குப் போட்டுச் செய்த பொருள்கள் அங்கே தவிக்கும். அப்புறம் வேறொரு மெஷினில் இன்னொரு பேஸ் பட்டால், எர்த் கம்பி வழியாக நேரடி ஷார்ட். இனி எப்போதாவது ஒரு பேஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் மற்ற இரண்டு 400-க்குப் பக்கத்திலும் காட்டினால், முதல் பழுது ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, ராடு விஷயம். ஒரு பேஸ் பாடியில் பட்டால், கரண்ட் ஸ்டார் பாயின்டுக்குத் திரும்ப வழி மண் மட்டும்தான், அதன் தடை மொத்தம் 10 ஓம் என்று வையுங்கள். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 63 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் பிரேக்கர்) அசையவே அசையாது. இதுவே பாடியிலிருந்து எர்த் கம்பி வழியாக நேரே ஸ்டார் பாயின்ட் வரை செம்புப் பாதை இருந்து, சுற்று முழுக்க 0.2 ஓம் என்றால் 1150 ஆம்பியர் பாயும். சி வகை எம்சிபியாக இருந்தாலும் 63-இன் பத்து மடங்கான 630 ஆம்பியருக்குள் சட்டென்று விழுந்துவிடும். ராடு வேண்டாம் என்று சொல்லவில்லை. மின்னலுக்கும், எர்த் வோல்டேஜை நிலைநிறுத்தவும் அது வேண்டும். ஆனால் பிரேக்கரை விழவைப்பது அந்தச் செம்பு இணைப்புதான்.

இணைப்பை ஒரே இடத்தில் கொடுங்கள்: டிரான்ஸ்பார்மரிலோ, முதல் மெயின் போர்டிலோ. ஒவ்வொரு போர்டிலும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் லோடு கரண்டில் ஒரு பங்கு எர்த் கம்பியிலும் மெஷின் பாடியிலும் ஓடும். கசிவு கரண்டைக் கண்டு சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிடி காரணமில்லாமல் விழும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அறுவை அரங்கு போல முதல் பழுதிலேயே சப்ளை நின்றுவிடக் கூடாத இடங்களில் வேண்டுமென்றே மிதக்க விடுவார்கள், இன்சுலேஷனைக் கண்காணிக்கும் கருவி வைத்து. உங்கள் வரைபடத்தில் அப்படிக் குறித்திருந்தால் இணைப்பில் கை வைக்காதீர்கள்.

இல்லையென்றால், உரிமம் பெற்றவரை வைத்து இணைத்த பிறகு மூன்று பேஸையும் எர்த்துக்கு அளந்து பாருங்கள். மூன்றிலும் 230 வர வேண்டும். வந்தால், தூரத்தில் இருக்கும் மெஷினில் எர்த் லூப் தடையையும் (பழுது கரண்ட் போய்த் திரும்பும் முழுச் சுற்றின் தடை) அளக்கச் சொல்லுங்கள்.