காற்றழுத்தத்தில் பந்து எறியும் ரோபோ: ரோபோகான் (மாணவர் ரோபோ போட்டி) அணிகளுக்குக் கேள்வி பதில்

அண்ணா, எங்க சிலிண்டர் 32 மி.மீ. போர் (உள்விட்டம்), 200 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்ற தூரம்). 6 பார் காற்றழுத்தம் வெச்சும் பந்து மூணு மீட்டரைத் தாண்டல. 50 மி.மீ. சிலிண்டர் வாங்கிடலாமா?

வேண்டாம் தம்பி. இப்ப இருக்கறதே 6 பாரில் சுமார் 480 நியூட்டன் தள்ளும். பலம் போதும், வேகம்தான் இல்ல. பிஸ்டனுக்கு முன்னாடி இருக்கற காற்று வெளியேற வழியில்லாம எதிர்த்துத் தள்ளுது. முன்பக்க போர்ட்டிலேயே (காற்று போய்வர்ற துளை) குயிக் எக்ஸாஸ்ட் வால்வை, அதாவது காற்றை அங்கேயே சட்டுனு வெளியே விடற வால்வை, நேரா மாட்டுங்க. அந்தக் காற்று டியூப் வழியா சுத்திப் போகக் கூடாது. ஃப்ளோ கண்ட்ரோல் (காற்றோட்டத்தைக் குறைக்கற திருகு) இருந்தா கழட்டிடுங்க. 6 மி.மீ. டியூபை 10 ஆக்குங்க, வால்வு போர்ட் கால் இஞ்ச் இருக்கட்டும், டியூப் நீளம் ஒரு சாணுக்கு மேல வேண்டாம். 50 மி.மீ. சிலிண்டருக்கு 2.4 மடங்கு காற்று வேணும். அதே டியூபில் இன்னும் மெதுவாத்தான் நகரும்.

முதல் ஷாட் கச்சிதமா விழுது. நாலாவது ஷாட் கிட்டத்துலயே விழுந்துடுது. காற்றை அடைச்சு வைக்க 2 லிட்டர் பாட்டில் ஒண்ணுதான் வெச்சிருக்கோம்.

உங்க சிலிண்டரும் அதே 32 × 200-னா ஒரு தடவை போய்த் திரும்ப 0.3 லிட்டர் இடத்தை நிரப்பணும். 2 லிட்டர் பாட்டிலில் இருந்து நேரா எடுத்தா, முதல் ஷாட்டுக்கே 6 பார் ஏறக்குறைய 5.2-க்கு இறங்கிடும். நாலு பாட்டிலை 6 பாருக்கு நிரப்பி, ரெகுலேட்டரை (வெளியே போற அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கற கருவி) 4 பாரில் வைங்க. பத்துப் பன்னிரண்டு ஷாட் ஒரே மாதிரி வரும். ரெகுலேட்டர் வழியா காற்று வேகமா வராது. அதனால அதுக்கு அடுத்து, வால்வை ஒட்டி அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு கட்டாயம். பலரும் விடறது இதைத்தான்.

சார், பிளாஸ்டிக் பாட்டில் தாங்குமா? பி.வி.சி. பைப்பில் டேங்க் செய்யலாமா?

சோடா, கோலா பாட்டில் தாங்கும். தண்ணி பாட்டில் கூடாது. கீறல், மடிப்பு விழுந்ததைத் தூக்கிப் போடுங்க. பெயின்ட், தின்னர் படக் கூடாது. மூடியில் ஃபிட்டிங் மாட்டினதும் பாட்டில் நிறைய தண்ணி ஊத்தி, சைக்கிள் பம்பால் 9 பார் வரை ஏத்திப் பாருங்க. தண்ணி இருக்கறதால, பிளந்தாலும் வெடிச்சுச் சிதறாது. பி.வி.சி. கூடவே கூடாது, சில்லு சில்லா உடைஞ்சு கண்ணுல பாயும். ரோபோகான் விதியில் உச்சவரம்பு 6 பார். ஒவ்வொரு டேங்க் தொகுதிக்கும் பிரஷர் கேஜ் வைங்க.

சொலினாய்டு (வால்வைத் திறக்கற மின்காந்தம்) 'டிக்'னு சத்தம் போடுது, ஆனா சிலிண்டர் நகரல.

பைலட் வகை (காற்றழுத்தத்தின் துணையோட நகர்ற) 5/2 வால்வா (அஞ்சு போர்ட், ரெண்டு நிலை) இருக்கும். உள்ளே வர்ற அழுத்தம் 2 பாருக்குக் கீழே போனா ஸ்பூல் (வால்வுக்குள்ள காற்றின் வழியை மாத்தற தண்டு) நகராது. அழுத்தம் சரியா இருந்தா, பேட்டரியைப் பாருங்க: 24 வோல்ட் காயிலுக்கு, சார்ஜ் இறங்கின 6 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) பத்தாம போகலாம்.

பிஸ்டன் ராடு வளையுது.

பக்கவாட்டுச் சுமை. சிலிண்டரின் பின்பக்கம் கிளெவிஸ் (ஊசி மேல ஆடற கவட்டை இணைப்பு), ராடு முனையில் ராட் எண்ட் (எந்தப் பக்கமும் சாயற உருண்டை மூட்டு) போடுங்க. ஸ்ட்ரோக் முடிய 10 மி.மீ. இருக்கும்போதே எறியும் கை ரப்பரில் மோதி நிக்கணும். இல்லேன்னா அடுத்து முன்மூடி உடையும்.

டெஸ்ட் எப்படி பண்றது?

ஒரே அழுத்தம், ஒரே கோணம், பத்து ஷாட். தரையில் கோலமாவு தூவினா விழுந்த இடம் தெளிவாத் தெரியும். ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. போன் கேமராவில் நொடிக்கு 240 பிரேம் வெச்சுப் பக்கவாட்டுல எடுங்க: நொடிக்கு 8 மீட்டர் வேகத்துல போற பந்து பிரேமுக்கு 33 மி.மீ. நகரும். வேகம் ஒரே மாதிரி இருந்தும் பந்து சிதறி விழுந்தா, சிலிண்டரை விட்டுட்டு பந்து உட்காரும் கிண்ணத்தைப் பாருங்க. கை வைக்கறதுக்கு முன்னாடி காற்றை முழுசா இறக்கிடுங்க, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க.