போர் தண்ணீரில் கிரீஸ் கறை ஏன் போவதில்லை?

கேள்வி: பாலக்கோட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். செயின், பேரிங் வேலை முடித்துக் கை கழுவினால் குளியல் சோப் நுரைப்பதே இல்லை. பிசுபிசுவென்று வெள்ளைத் திப்பிதான் ஒட்டுகிறது. பையன்கள் பெட்ரோலில் கழுவுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தான் இப்படியா?

பதில்: ஃப்ளோரைடு மீது பழி போட வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் அது அதிகம் என்பது உண்மை; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் முக்கியக் காரணம். ஆனால் அது கெடுப்பது பல்லையும் எலும்பையும். நுரையைக் கெடுப்பவை கால்சியமும் மெக்னீசியமும்.

சோப் மூலக்கூறின் தலை தண்ணீரோடு சேரும், நீண்ட வால் எண்ணெயோடு சேரும். வால்கள் கிரீஸுக்குள் நுழைந்து நிற்கும்போது கையைத் தேய்த்தால், கிரீஸ் பொடிப்பொடித் துளிகளாகப் பிரியும். துளியைச் சுற்றி வெளியே தலைகள் இருப்பதால் தண்ணீர் அதை இழுத்துப் போய்விடும். போர் தண்ணீரில் அந்தத் தலையைக் கால்சியம் முதலிலேயே பிடித்துக்கொள்கிறது. அப்படி மாட்டிய சோப் கரையாது, நீங்கள் சொல்லும் திப்பி அதுதான். குடிநீருக்கு, வேறு வழியில்லாத இடத்தில் இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச கடினத்தன்மை (தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 600 மில்லிகிராம். அப்படிப்பட்ட தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை கிராம் சோப்பை விழுங்கிய பிறகுதான் நுரையே வரும். குழாயைத் திறந்துவிட்டுச் சோப் போட்டால் என்ன மிஞ்சும்?

அதனால் தண்ணீரைக் கடைசியில் கொண்டுவாருங்கள். முதலில் காய்ந்த கையைப் பனியன் வேஸ்டில் அழுத்தித் துடையுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், அதோடு அரை டீஸ்பூன் சர்க்கரை. விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் ஒரு நிமிடம் தேய்த்து மறுபடி துடையுங்கள். பலாப்பழம் அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான்: எண்ணெய்ப் பசையை எண்ணெயே இளக்கும். மணலைவிடச் சர்க்கரை நல்லது. தோலைக் கீறாது, மிச்சம் கழுவும்போது கரைந்துவிடும்.

அடுத்து, இன்னும் தண்ணீர் படாத கையில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன் விட்டு அரை நிமிடம் தேய்க்க வேண்டும். இதில் இருப்பது சோப் அல்ல, டிடர்ஜென்ட்; கால்சியத்திடம் அவ்வளவு எளிதில் மாட்டாது. பிறகு உள்ளங்கை நனையும் அளவு தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கறுப்பு நுரை வரும். அதற்கப்புறம்தான் குழாய். சீயக்காய்த் தூளும் போர் தண்ணீரில் திரியாது, ஆனால் கெட்டிக் கிரீஸுக்கு அதன் வலு போதாது.

பேரிங் கிரீஸ் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் அது லித்தியம் சோப் கலந்து கெட்டியாக்கிய எண்ணெய். தண்ணீர் பட்டாலும் கழன்று போகாதபடி செய்யப்பட்டது.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். கிரீஸோடு தோலின் சொந்த எண்ணெய்ப் பசையையும் உரித்துவிடும், தோல் வெடிக்கும். வெடிப்பில் கறை இன்னும் ஆழமாக இறங்கும். அதில் உள்ள பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது, தோல் வழியாகவும் உள்ளே போகும். பக்கத்தில் வெல்டிங் நடக்கிற பட்டறையில் தீ அபாயம் வேறு. துணி சோடாவும் கைக்கு ஆகாது, காரம் அதிகம்.

தண்ணீர்தான் காரணமா என்று பார்க்க, ஒரே அளவான இரண்டு பாட்டில்களில் பாதி வரை, ஒன்றில் மழைநீரும் மற்றதில் போர் தண்ணீரும் எடுத்து, சீவிய குளியல் சோப்பைக் கால் டீஸ்பூன் வீதம் போட்டுக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை நிற்கும், மற்றதில் பால் திரிந்த மாதிரி கலங்கும். கொதிக்கவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் போகும். மழைநீரைப் பிடித்து வைக்க ஒரு டிரம் இருந்தால், கடைசி அலசலுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

நகத்துக்கு மட்டும் ஒரு வேலை காலையிலேயே செய்ய வேண்டும்: வேலை தொடங்கும் முன் ஈர சோப்பை நகத்தால் சுரண்டி, நகக்கண்ணை நிரப்பிக்கொள்ளுங்கள். கிரீஸ் புக இடம் இருக்காது. மாலையில் பிரஷ் போட்டால் சோப்போடு வந்துவிடும்.