அறுபது பிரதிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நரம்பியலில் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி நான். என் கைடின் எச்-இண்டெக்ஸ் 61. மூன்று வருட உழைப்பில் வந்த என் ஒரே கட்டுரைக்கு இதுவரை நான்கு சைட்டேஷன், அதாவது நான்கு கட்டுரைகள்தான் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. அதிலும் இரண்டு எங்கள் லேபிலிருந்தே வந்தவை. நரம்பணுக்களை வரைந்த கஹால் போன்ற தனித்த மேதைகளின் காலம் முடிந்துவிட்டது, இனி எண்ணிக்கைதான் எல்லாம் என்று தோன்றுகிறது. துறையை விட்டுவிடலாமா? பொதுவாசகர்களுக்கு அறிவியல் எழுதினால் ஆய்வு கெட்டுவிடுமா?

கே.

அன்புள்ள கே,

கெடாது. எழுதுங்கள், யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். எச்-இண்டெக்ஸ் என்பது ஒருவரின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டன என்பதை ஒரே எண்ணில் சொல்ல, 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்த கணக்கு. வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்கள் அதைப் பார்க்கின்றன. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கஹாலைத் தனித்த மேதை என்றீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சில வாரங்களாக அவருடைய ஓவியங்களோடுதான் இருக்கிறேன்.

1888, பார்சிலோனா. சாந்தியாகோ ரமோன் இ கஹாலுக்கு 36 வயது. தான் கண்டதை உடனுக்குடன் வெளியிடச் சொந்தக் காசில் ஓர் ஆய்விதழ் தொடங்குகிறார். அச்சடித்தது 60 பிரதிகள். பெரும்பாலானவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். எழுதியதோ ஸ்பானிய மொழியில்; அன்றைய அறிவியல் பேசியது ஜெர்மனிலும் பிரெஞ்சிலும். பிரித்துப் படித்தவர் யார்?

அந்த முதல் இதழில் இருந்தது பறவையின் சிறுமூளை. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலை என்று பலரும் நம்பிய காலம். ஒவ்வொன்றும் தனி என்றார் அவர். சிறுமூளையின் பெரிய நரம்பணுவான புர்கின்யே அணுவின் கிளைகளில் சின்னச்சின்ன முட்களையும் வரைந்திருந்தார். நரம்பணுவைக் கறுப்பாக்கிக் காட்டும் வெள்ளிச் சாயத்தின் கசடு என்று பிறர் தள்ளிய முட்கள் அவை. இன்று கற்றலையும் நினைவையும் ஆராய்கிறவர்கள் அவற்றைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் எனக்கு அப்படிச் சாயமிட்ட நரம்பணு ஸ்லைடு ஒன்றைக் காட்டினார். மஞ்சள் பரப்பில் கன்னங்கரேல் என்று ஒரே ஒரு மரம். நுண்ணோக்கியின் குமிழைத் திருகினால் ஒரு கிளை மங்கும், அடியிலிருந்து இன்னொன்று எழும். முழு மரமும் ஒருசேரத் தெரியும் இடமே இல்லை. கஹால் மணிக்கணக்காகப் பார்த்து, பெரும்பாலும் நினைவிலிருந்து வரைந்தார் என்பதன் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது. கண்ணை எடுக்க மனம் வராமல் நின்றேன்.

அந்தச் சாயம் கஹாலுடையது அன்று. இத்தாலியரான கோல்ஜி 1873இலேயே வெளியிட்டது. கஹால் மூளைத் துண்டுகளை அதில் இருமுறை தோய்த்தார். நரம்பிழைகளின் மேல் இன்னும் கொழுப்புறை படியாத இளங்கருக்களின் மூளையை எடுத்துக்கொண்டார். அடர்ந்த காட்டுக்குப் பதில் கன்றுகள் தனித்தனியாகத் தெரிந்தன. 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு. நரம்பணு ஒவ்வொன்றும் தனி என்ற நியூரான் கோட்பாட்டை கோல்ஜி தம் உரையிலேயே மறுத்தார். அவருடைய முறை நின்றது, முடிவு நிற்கவில்லை.

சரி, பிரித்துப் படித்தவர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். 1889 அக்டோபர், பெர்லினில் ஜெர்மன் உடற்கூறியலாளர்கள் கூடியிருக்கிறார்கள். கைக்காசைச் செலவழித்து, ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு கஹால் போகிறார். அரைகுறை பிரெஞ்சில் பேசி, கோலிக்கரை நுண்ணோக்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆல்பர்ட் கோலிக்கருக்கு அப்போது 72 வயது, ஐரோப்பாவின் பெரிய பெயர். அவரும் வலைக் கொள்கையை நம்பியவர். குனிந்து பார்த்தார். திரும்பிப் போய்த் தாமே சாயமிட்டுச் சரிபார்த்தார். கொள்கையை மாற்றிக்கொண்டார். கஹாலைப் படிப்பதற்காக ஸ்பானிய மொழி கற்றார்.

72 வயதில், கே! ஒரு மனிதரின் கட்டுரைகளைப் படிக்க ஒரு மொழி. கஹாலின் தாக்கம் என்று நீங்கள் சொல்வது அந்தக் கிழவரின் மேஜையில்தான் தொடங்கியது. இதைத் தனித்த மேதை என்ற சொல்லுக்குள் எப்படி அடைக்கிறீர்கள்? கோலிக்கர் எத்தனை பேர் என்று எந்த இண்டெக்ஸ் சொல்லும்? உங்களுக்கு நான்கு சைட்டேஷன். உங்கள் லேபில் இல்லாத அந்த இருவர் யார்? உங்கள் கட்டுரையை வைத்து என்ன செய்திருக்கிறார்கள்? திறந்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் ஒரு வரி எழுதியிருப்பீர்கள். நீங்கள் கடைசியாக யாருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, அதை நீங்களே செய்துபார்க்க லேபுக்கு ஓடினீர்கள்?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கைடின் எண் இருக்கிறது, உங்கள் எண் இருக்கிறது. மூன்று வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஒரு சொல் இல்லை. எலியா, மீனா, எந்த அணு, எந்தப் பகுதி, எதுவும் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, அம்மா. துறையை விடுவதா வேண்டாமா என்று அது தெரியாமல் நான் என்ன சொல்வேன்?

அந்தக் கட்டுரையை அனுப்புங்கள். புரியாத இடங்களைக் குறித்துவைத்துக் கேட்கிறேன்.