‘வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிற நாம்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் 20 வருஷமாக ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். அக்கா மகன், வயது 23, பி.காம். முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக என் கடையில்தான் இருக்கிறான். அவனுக்கு ஆட்டிசம் என்பது காலேஜில் படிக்கும்போதுதான் தெரிந்தது. கணக்கில் ஒரு ரூபாய் தப்பாது. ஆனால் ‘கடையைப் பாத்துக்க மாப்ள’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனால், வந்த ஆள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். இவன் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போன மாதம் வண்டியிலிருந்து விழுந்து எனக்கு வலது கை முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவன் ‘எப்படி இருக்கீங்க மாமா’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் என்னைக் கேட்காமலே மேல் ரேக்கில் இருந்த வேட்டிக் கட்டுகளையெல்லாம் கீழே இறக்கி, கடையையே மாற்றி அடுக்கிவிட்டான். அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ள இவனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: உங்கள் கடைசிப் புகாரைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. வலது கையில் மாவுக்கட்டோடு இருக்கிற மனிதர் மேல் ரேக்கிலிருந்து வேட்டிக் கட்டை எப்படி இறக்குவார்? உங்கள் மருமகன் ஆஸ்பத்திரியில் வைத்த கண் வாங்காமல் பார்த்தது அந்தக் கையை. மறுநாள் செய்தது, அந்தக் கைக்கு எட்டாததை எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தது. ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டு, ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போன சொந்தக்காரர்களில் எத்தனை பேர் ரேக்கைப் பற்றி யோசித்திருப்பார்கள்?

இது என் ஊகம்தான். ரேக் தாறுமாறாகக் கிடந்தது அவரை ரொம்ப நாளாக உறுத்தியிருக்கலாம், நீங்கள் இல்லாத நாளில் சரி செய்திருக்கலாம். எது நிஜம் என்று அவருக்குத்தான் தெரியும். நீங்கள் அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது என்ற பேச்சுக்குப் பெரிய பலம் கொடுத்தது 1985-ல் வந்த ஓர் ஆய்வு. சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூவரும் இரண்டு பொம்மைகளை வைத்து நடத்தியது. சாலி என்ற பொம்மை கூடைக்குள் கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றிவிடுகிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? மாற்றியது சாலிக்குத் தெரியாது, அதனால் கூடையில் என்பதுதான் சரியான பதில். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர், குண்டு இப்போது இருக்கிற இடத்தைக் காட்டினார்கள். நானும் அந்தக் காலத்துப் பாடத்தைப் படித்து வந்தவள்தான். மீதி 4 பேர் சரியாகச் சொன்னதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

2012-ல் பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர் டேமியன் மில்டன் இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். இவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு எங்களைப் புரிகிறதா என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். இரண்டு விதமாக உலகத்தை உணர்கிற இருவர் சந்திக்கும்போது புரியாமை இரண்டு பக்கமும்தான் இருக்கும். பழியை மட்டும் ஒரு பக்கம் போடுகிறோம். இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல்’ எனலாம்.

எடின்பரோவில் கேதரின் கிராம்ப்டன் குழு 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. எட்டெட்டுப் பேராகச் சங்கிலி போல வைத்து, ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்குக் கடத்தச் சொன்னார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த சங்கிலியில் கதை நன்றாகவே போய்ச் சேர்ந்தது, மற்றவர்கள் மட்டும் இருந்த சங்கிலியைப் போலவே. இரண்டு தரப்பையும் கலந்த சங்கிலியில்தான் அதிகம் சிந்தியது. 2025-ல் 300-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பெரிதாகச் செய்தபோது கலந்த சங்கிலியிலும் அந்த இழப்பு தெரியவில்லை. ஆகவே கலந்தால் பேச்சே எடுபடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் கடைக்கு அது நல்ல செய்தி.

இன்னொரு ஆய்வு உங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றியது மாதிரியே இருக்கும். 2017-ல் அமெரிக்காவில் நோவா சாசன் குழு, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பேசும் சில விநாடி வீடியோக்களை மற்றவர்களிடம் காட்டியது. பார்த்தவர்கள் ‘இவரோடு பழகத் தோன்றவில்லை’ என்கிற மாதிரியே மதிப்பெண் போட்டார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. சொன்ன விஷயத்தில் குறை இல்லை. குரலும் முகமும்தான் அவர்களுக்குப் பழக்கமில்லாமல் இருந்தது.

சரி, கடைவீதிக்கு வருவோம். மதுரைக்காரர் கிளம்பும்போது என்ன சொல்கிறார்? ‘வர்றேன்.’ போகிறவர் வர்றேன் என்கிறார். ‘பாப்போம்’ என்றால் கிடையாது என்று அர்த்தம். ‘சாப்பிட்டுப் போங்க’ என்றால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் நிஜமாகவே இலை போடுவார்கள். ‘வேற கடை பாத்துக்கிறோம்’ என்று ஒரு காலைப் படியில் வைக்கிற வியாபாரி, கட்டுக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறார். இத்தனையும் நாம் சொன்னதற்கு நேர் எதிர். இதில் ‘கடையைப் பாத்துக்க’ என்றதும் பார்த்துக்கொண்டிருந்த பையன் மட்டும்தான் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டவர். அவரைத்தான் புரியாதவர் என்கிறோம்.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறுவனுக்குக் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கினேன். பார்த்தால் ஒரு துண்டு கடலை மிட்டாய். வெற்றி என்று நினைத்தேன். வளர்ந்து காலேஜ் போனபிறகு ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான்: “மேடம், கண்ணைப் பாத்தா நீங்க பேசுறது காதுல ஏறாது. கேக்கணும்னா சுவத்தைத்தான் பாக்கணும்.” அத்தனை மாதம் மிட்டாய் கொடுத்து அவன் காதை அடைத்திருக்கிறேன்.

இனி என்ன செய்யலாம்? நாளைக்குச் சாப்பிடப் போகும்போது இப்படிச் சொல்லுங்கள்: “ரெண்டரைக்கு வந்துருவேன். யாராவது வந்தா எந்திரிச்சு, என்ன வேணும்னு கேளு. ரகம் எடுத்துக் காட்டு. விலை குறைக்கச் சொன்னா எனக்கு போன் போடு.” வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். கல்லாப் பெட்டிக்கு உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டினாலும் சரி. மற்ற பையன்களுக்கும் அது உபயோகப்படும். கடைகளில் பாதிச் சண்டை ‘நீங்க சொல்லலயே’ என்பதில்தானே வருகிறது.

தீபாவளிச் சமயம் உங்கள் வீதியில் கூட்டம், மைக், லைட் எல்லாம் சேர்ந்து அவருக்கு உடம்பு வலி மாதிரியே இருக்கலாம். எங்கே சத்தம் தாங்கவில்லை, எந்த நேரம் கோடவுனில் இருந்துகொள்ளலாம் என்று ஐப்பசிக்கு முன்பே அவரிடம் பேசி வையுங்கள்.

கேள்விகளை ‘ஏன்’ என்று தொடங்காதீர்கள். நம் ஊரில் ‘ஏன் இப்படிப் பண்ணுன?’ என்பது கேள்வி இல்லை, திட்டு. “ரேக்கை மாத்துனியே, என்ன நினைச்சு மாத்துன? கோபம் இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்” என்று கேளுங்கள். பதில் உடனே வராமல் போகலாம். சாயங்காலம் மெசேஜில் வரலாம். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தன் மனதில் ஓடுவது வருத்தமா, பயமா, களைப்பா என்று பெயர் சொல்வதே கஷ்டம். பெயர் சொல்ல வராததால் அந்த உணர்வே இல்லை என்று ஆகாது.

அவர் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. உங்களுக்கு அந்த விசாரிப்பு வேண்டுமென்றால் நேராகச் சொல்லிவிடுங்கள்: “எனக்கு உடம்புக்கு முடியலன்னா எப்படி இருக்கீங்கன்னு கேளு மாப்ள. கேட்டா எனக்கு ஆறுதலா இருக்கும்.” சொல்லிக் கேட்கிறதில் என்ன பாசம் என்று தோன்றும். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘வர்றேன்’ என்று சொல்லக் கூடாது என்பது நமக்குப் பிறவியிலேயே தெரிந்ததா? யாரோ ஒரு பெரியம்மா வாசலில் வைத்துக் கையைக் கிள்ளிச் சொல்லிக் கொடுத்ததுதான். அதனால் நம் துக்கம் பொய்யாகிவிடவில்லை.

மாவுக்கட்டு பிரிக்கிற அன்றைக்கு அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கை எவ்வளவு தூரம் தூக்க வருகிறது என்று அவரும் பார்க்கட்டும். வேட்டிக் கட்டுகளை மறுபடி மேலே ஏற்றுவதா வேண்டாமா என்பதை, திரும்பி வரும் வழியில் இரண்டு பேருமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.